பல் மருத்துவரின் பட்டைத்திரை

முதலில் இருட்டை வாங்க வேண்டும்.
வல்பராய்சோவில் அது சுலபமில்லை.
ஜனவரி மாதம், இரவு ஒன்பது வரை
கடல் வெளிச்சத்தை மேட்டுத் தெருக்களுக்கு
வாரி வாரி எறிந்துகொண்டிருக்கும்.
கறுப்புத் துணி பதினோரு மீட்டர்,
ஒட்டுநாடா நான்கு சுருள்,
கதவிடுக்கில் திணிக்க ஒரு பழைய கம்பளி.

விளக்கு ஒன்றே ஒன்று.
இரண்டாவது வைத்தால் அது சமாதானம் பேச வந்துவிடும்,
நிழலிடம் போய், கொஞ்சம் விட்டுக்கொடேன் என்னும்.

நெலிதாவுக்கு:
விளக்கு நெற்றிக்கு மேலே, சற்றே பக்கவாட்டில்,
மூக்கின் நிழல் உதட்டைத் தொடாமல் நிற்கும்வரை ஏற்று.
இடப்பக்கம்தான் தன் நல்ல பக்கமென்று
மூன்று முறை தொலைபேசினாள்.
வலப்பக்கத்தை என்ன செய்ய?
"கடலில் போடு" என்றாள்.
முப்பது வருஷம் பொலேரோ பாடிய தொண்டை.
தாடைக்குக் கீழே விழும் ஒரு விரற்கடை இருட்டு,
அதை மட்டும் தொடாதே.

கத்தி வீசும் இஸ்மேனியாவுக்கு:
கண்களின் மேல் ஒரு கீற்று, வேறெதுவும் வேண்டாம்.
அட்டையில் அந்த ஓட்டையை அவளே வெட்டித் தந்தாள்,
ஒரே இழுப்பில்.
கத்தி பளபளக்கக் கூடாது.
பளபளத்தால் சமையலறை ஆகிவிடும்.

புகைக்கு:
சிகரெட் கூடாதென்று அரங்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.
கெண்டியில் தண்ணீர் கொதிக்கட்டும்.

ஒலெகாரியோவுக்கு:
அவருக்காகத்தான் இந்தப் பட்டைத்திரை.
கீழ்த்தளத்துப் பல் மருத்துவரிடம் கெஞ்சி வாங்கியது,
இன்னும் கிராம்பெண்ணெய் மணக்கிறது.
பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில்
துப்பறிபவன் ஜன்னலோரம் நிற்க
முகத்தில் வரிவரியாக விழுமே,
அந்த வெளிச்சம்.
குறிப்பேட்டில் ஏழு முறை வரைந்து பார்த்தேன்.
அவர் முகம், மடியில் பொம்மையின் முகம்,
இரண்டுக்கும் குறுக்கே ஒரே கோடு.

சொன்ன நேரத்துக்கு முன்பே வந்தார்.
எழுபத்து நாலு வயது, இஸ்திரி போட்ட சட்டை.
பெட்டியைத் திறந்ததும் பொம்மை சொன்னது:
"இந்தக் கிழவன் தெரியாதபடி எடு, காசு நான் தருகிறேன்."
நெலிதா சிரித்த சிரிப்பில் கெண்டி மூடி அதிர்ந்தது.

விளக்கைப் போட்டேன்.
கோடுகள் விழுந்தன.
நெற்றியில், இமையில், மரக் கன்னத்தில்.
சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு அழகு
என் கேமராவுக்குள் அதற்குமுன் வந்ததில்லை.

பொம்மையின் வாய் திறந்தது, மூடியது.
சத்தம் வரவில்லை.
பிறகு அவருடைய உதடு அசைந்தது,
நாற்பது வருஷமாக அசையக் கூடாதென்று பழக்கிய உதடு:
"இந்தக் கோடுகள் வேண்டாம், மகளே."

நான் கேட்கவில்லை.
ஒரு செப்டம்பரில்
துறைமுகத்தில் நின்ற கப்பல்களைப் பற்றி
இந்த ஊரில் அந்த வயதுக்காரர்களிடம்
அவர்களாகச் சொல்லாமல் கேட்பதில்லை.
குறிப்பேட்டைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன்,
அவர் பார்த்துவிடக் கூடாதென்று.

திரையைக் கழற்ற எனக்குக் கை வரவில்லை.
இஸ்மேனியாதான் ஏறிக் கழற்றினாள்.
கம்பளியை உருவி, துணியைக் கிழித்து,
கதவை முழுசாகத் திறந்து வைத்தாள்.
பதினோரு மீட்டர் செலவழித்து நான் தடுத்திருந்த கடல்
உள்ளே வந்து
அவர் சட்டைக் கையில் உட்கார்ந்தது.
என் திட்டப்படி தப்பான வெளிச்சம்.
விளிம்பில்லை, மர்மமில்லை, நிழல் வெளிறிக் கிடந்தது.

"கதவு இப்படியே இருக்கட்டும்" என்றார்.
பொம்மையைப் பெட்டிக்குள் வைக்கவா என்றும் கேட்டார்.
உங்கள் விருப்பம் என்றேன்.
வைக்கவில்லை. அதன் கண்ணை மட்டும்
உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.
அதைத்தான் எடுத்தேன்.

மறுநாள் திரையைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன்.
"படம் நன்றாக வந்ததா?" என்றார் மருத்துவர்,
ஆணியில் மாட்டிக் கயிற்றை இழுத்தபடி.
நாற்காலியில் சாய்ந்திருந்த பெண்ணின் மேல்
கோடுகள் வரிசையாக இறங்கின.
அவளுக்கு ஒன்றுமில்லை.
வாயை இன்னும் கொஞ்சம் திறந்தாள்.